மிட்-ஆஃபில் நின்றவன்

"அவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீங்க உஸ்தாத்?"

சலாம் சொன்ன கையோடு ஷௌகத் இதைக் கேட்டுவிட்டான். இன்னும் உட்காரக்கூட இல்லை.

உஸ்தாத் கரம்தீன் கிழிந்த பயிற்சி நெட்டை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். லாகூரில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் வேகப்பந்து கற்றுக்கொடுப்பவர் அவர். அவரிடம் கற்றவர்களில் இரண்டு பேர் அப்போது பாகிஸ்தான் அணியில் இருந்தார்கள். ஒருவன் இந்த ஷௌகத். முப்பதைத் தாண்டியவன், பத்து வருஷமாக நாட்டுக்காக ஆடுகிறவன். இன்னொருவன் முனீப். அணிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மீசையே இப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் டெஸ்ட் மேட்சுக்கு நடுவே ஒரு நாள் ஓய்வு விடுவார்கள். லாகூர் டெஸ்டின் ஓய்வு நாள் அது. முதல் இன்னிங்ஸில் முனீப் பழைய பந்தை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக்காரர்களின் ஸ்டம்புகளைப் பெயர்த்துத் தள்ளியிருந்தான். ஊரே அவன் பேரைச் சொல்லிக்கொண்டு திரிந்தது. ஷௌகத்துக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"யாருக்கு?" என்றார் உஸ்தாத்.

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. முனீப்புக்கு."

"உனக்குச் சொன்னதைத்தான் அவனுக்கும் சொன்னேன்."

"அப்போ எனக்கு ஏன் பந்து அப்படித் திரும்ப மாட்டேங்குது?"

"உனக்கும்தான் திரும்புது."

"அந்த மாதிரி இல்லையே. எங்கிட்ட சொல்லாத ஏதோ ஒண்ணை அவன்கிட்ட சொல்லியிருக்கீங்க."

உஸ்தாத் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"டீ குடிக்கிறியா?"

"மைதானத்து வாசல் கடை டீ எனக்கு வேண்டாம். அந்தக் கடைச் சுவத்தைப் போய்ப் பாத்தீங்களா? பத்து வருஷமா என் போட்டோ ஒட்டியிருந்த இடம். இப்ப அது மேலயே முனீப் போட்டோவைக் கடைக்காரன் ஒட்டி வெச்சிருக்கான். என் காது மட்டும்தான் வெளிய தெரியுது."

உஸ்தாத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எந்தக் காது?"

"சிரிங்க. நல்லாச் சிரிங்க. உங்களுக்கு இப்ப அவன்தானே எல்லாம். போன மாசம் அவன் கிளம்பும்போது தலையில கை வெச்சு அனுப்பினீங்க. நான் முதல் டெஸ்டுக்குப் போகும்போது என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? 'ஷூ லேஸை ஒழுங்காக் கட்டு'ன்னு சொன்னீங்க."

"கட்டாம இருந்தே. சொன்னேன்."

"பத்து வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் ஆடுறதை ஸ்டேடியத்துல வந்து பாத்ததுண்டா நீங்க? டிக்கெட் அனுப்பினேன். காரே அனுப்பினேன். வெறும் காரா திரும்பி வந்துச்சு."

"கூட்டம்னா எனக்குத் தலைவலிடா."

 இன்னும் பேசினால் அழுதுவிடுவோம் என்று ஷௌகத் பயந்தானோ என்னவோ. சர்வதேச ஆட்டக்காரன், ஆறடிக்கு மேல் உயரம், ஒரு கிழவர் முன்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். உஸ்தாத் ஊசியைச் சட்டைக் காலரில் குத்தி வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கு வர்றேன்."

"எங்க?"

"ஸ்டேடியத்துக்குத்தான். வேற எங்க? நீ கேட்டதுக்கெல்லாம் நாளைக்குப் பதில் சொல்றேன்."

ஷௌகத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இதைக் கேட்டு அவன் சந்தோஷப்பட்டிருக்கலாம். படவில்லையே! வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவன் மனசு வேறு கணக்குப் போட்டது. எனக்காகப் பத்து வருஷமாக வராதவர், இந்தப் பொடியன் ஆட வந்ததும் கிளம்பி வருகிறார். தலைவலியாம், கூட்டமாம். எல்லாம் எனக்கு மட்டும்தான். பொறாமை பிடித்தவனுக்கு வெளியே இருந்து யாரும் தூபம் போட வேண்டியதில்லை. அவனே போட்டுக்கொள்வான்.

மறுநாள் வெளிநாட்டு அணி கடைசி இன்னிங்ஸ் ஆடியது. அடிக்க வேண்டிய ரன் பெரிதும் இல்லை, சின்னதும் இல்லை. பந்து திரும்பினால் பாகிஸ்தான் ஜெயிக்கும். திரும்பாவிட்டால் அவர்கள் ஜெயிப்பார்கள். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும்.

பழைய பந்து திரும்ப வேண்டுமென்றால் அதைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கத்தைப் பேண்டில் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்க வேண்டும். மறு பக்கம் சொரசொரவென்று காய்ந்தே கிடக்க வேண்டும். காய்ந்த பக்கத்தில் ஈரம் பட்டதோ, போச்சு. அதனால் கண்டவன் கையிலும் பந்தைக் கொடுக்க மாட்டார்கள். கை வேர்க்காத ஒருத்தனாகப் பார்த்து அந்த வேலையைக் கொடுப்பார்கள். அந்த அணியில் அந்தக் கை ஷௌகத்தின் கை. எந்த வெயிலிலும் காய்ந்த சருகு போல இருக்கும். மிட்-ஆஃபில், பந்து போடுகிறவனுக்குப் பக்கத்திலேயே அவன் நிற்பான். விக்கெட் கீப்பரிடமிருந்து பந்து பல கை மாறி அவனிடம் வரும். துடைத்து, தேய்த்து, பக்கம் பார்த்துக் கொடுப்பான். முனீப்புக்கு உள்ளங்கை எப்போதும் நசநசவென்று இருக்கும். ஓடி வரப்போகும் நேரம் வரைக்கும் அவனைப் பந்தைத் தொடவே விடமாட்டார்கள்.

காலையில் ஷௌகத் புதுப் பந்தைப் போட்டான். விக்கெட் விழவில்லை. மத்தியானம் பந்து பழசானதும் கேப்டன் முனீப்பைக் கூப்பிட்டார்.

"முனீப்! முனீப்!" என்று ஸ்டேடியம் அதிர ஆரம்பித்தது. ஒரு காலத்தில் அதே கூட்டம் வேறு பேரைச் சொல்லித்தான் கத்தியது. ஷௌகத் மிட்-ஆஃபுக்கு வந்து நின்றபோதுதான் உஸ்தாத்தைப் பார்த்தான். அவனுக்கு நேர் பின்னால், கம்பி வேலியை ஒட்டி, வெயில் அடிக்கிற மலிவு டிக்கெட் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலையில் நனைத்த துண்டு. துண்டின் நிழலில் கண் தெரியவில்லை. முகம் மட்டும் ஆடுகளத்தைப் பார்த்து நீட்டியபடி இருந்தது.

ஷௌகத் பந்தைத் தேய்த்தான். என்ன இருந்தாலும் பத்து வருஷப் பழக்கம் அல்லவா, கை தானாக வேலை செய்தது. முனீப் வாங்கிப் போட்டான். பந்து நேராகப் போய், கடைசி நேரத்தில் உள்ளே வளைந்து, நடு ஸ்டம்பைச் சாய்த்தது.

கூட்டம் கூரையைப் பிய்த்தது. எல்லோரும் ஓடிப்போய் முனீப்பைத் தூக்கினார்கள். ஷௌகத்தும் போய் முதுகில் தட்டினான். தட்டு கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

அடுத்த ஓவரில் இன்னொரு ஸ்டம்ப் பறந்தது. ஷௌகத் திரும்பிப் பார்த்தான். உஸ்தாத் இரண்டு கையாலும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் எழுந்து குதித்தார்கள். அவர் மட்டும் அசையவில்லை. அப்படி ஒரு பார்வை!

வயிறு எரிந்தது ஷௌகத்துக்கு. என் ஆட்டம் என்றால் மட்டும்தான் இவருக்குத் தலைவலி என்று நினைத்தான்.

பந்து சுற்றி அவன் கைக்கு வந்தது. கேப்டன் பீல்டர்களை மாற்றிக்கொண்டிருந்தார். முனீப் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தான். ஷௌகத் இடது கையால் பிடரியைத் துடைத்தான். கை வேர்க்காது, ஆனால் கழுத்து எல்லோருக்கும் போல அவனுக்கும் வேர்க்கும். அந்த ஈரக் கட்டைவிரலைப் பந்தின் காய்ந்த பக்கத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினான். பிறகு இன்னொரு தடவை. விதியில் இதற்குத் தடை ஒன்றும் இல்லை. அம்பயர் பார்த்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

முனீப் வந்து கையை நீட்டினான். ஷௌகத் பந்தைக் கொடுத்தான்.

பந்து நேராகப் போனது. போய்க்கொண்டே இருந்தது. பேட்ஸ்மேன் காலை நகர்த்தி நிம்மதியாக நான்கு அடித்தான். முனீப் பந்தைப் பார்த்தான், பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தான், சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டான். அடுத்த பந்தும் அப்படியே போனது. அடுத்ததும் அப்படித்தான். கூட்டம் அடங்கிவிட்டது. இரண்டு ஓவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேப்டன் அவனை நிறுத்தினார்.

ஷௌகத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அற்ப சந்தோஷம்தான், ஆனாலும் சந்தோஷம்.

கேப்டன் பந்தை அவனிடம் தூக்கிப் போட்டார்.

"ஷௌகத் பாய், நீங்க வாங்க. நீங்கதான் காப்பாத்தணும்."

பிடித்த பந்தை ஷௌகத் பார்த்தான். காய்ந்த பக்கம் கறுத்து, ஊறிப்போன தோல் மாதிரி கிடந்தது. அடப்பாவி மனுஷா! இரண்டு பேரும் போடுவது ஒரே பந்தைத்தான் என்று பத்து வருஷம் ஆடியவனுக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் மட்டும் தெரியவில்லை.

ஊதிப் பார்த்தான், மண்ணைத் தொட்ட கையால் தடவலாமா என்று யோசித்து, அம்பயர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். உயிரைக் கொடுத்து ஓடி வந்தான். பந்து நேராகத்தான் போனது. அவனையும் நான்கு நான்காக அடித்தார்கள். சாயங்கால நிழல் நீளும் முன்பே ஆட்டம் முடிந்துவிட்டது. தோல்வி.

வெளியே வரும்போது கம்பி வேலிப் பக்கம் திரும்பினான். உஸ்தாத் இருந்த இடம் காலியாக இருந்தது. பாதி ஆட்டத்திலேயே எழுந்து போய்விட்டார் என்று பக்கத்து ஆள் சொன்னான்.

டிரஸ்ஸிங் ரூமில் கேப்டன் முனீப்பைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன் உனக்கு? உன் கையைத் துடைச்சிட்டுப் பந்தை வாங்குன்னு! மேட்சே போச்சு!" முனீப் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டான். கேப்டன் போனதும் நேரே ஷௌகத்திடம் வந்தான். கண் சிவந்திருந்தது.

"பாய், மன்னிச்சிடுங்க."

"எதுக்குடா?"

"என் கை ஈரம் பட்டுத்தான் பந்து செத்துப்போச்சு. காலையில இருந்து நீங்க எவ்வளவு பாத்துப் பாத்து வெச்சிருந்தீங்க. உங்க கையில இருந்து வந்தா அந்தப் பந்துக்கு உயிர் இருக்கும் பாய். ஓடி வந்து போடுறது ஒண்ணுதான் என் வேலை. அதைக்கூட நான் ஒழுங்காச் செய்யல."

ஷௌகத்தின் முகத்தில் ஈயாடவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"விடுடா" என்று மட்டும்தான் வந்தது.

குளித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பினான். மைதானத்துக்கு அவன் வந்து சேர்ந்தபோது மாலைத் தொழுகை முடிந்திருந்தது. பையன்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். உஸ்தாத் கட்டிலில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் வெயிலில் உட்கார்ந்ததில் முகம் கன்றிப் போயிருந்தது.

"தோத்துட்டோம் உஸ்தாத்."

"ம்."

"பதில் சொல்றேன்னு சொன்னீங்க."

"இன்னும் சொல்லணுமா?"

"பாதியிலயே எழுந்து போயிட்டீங்க."

"ஆமா."

குற்றம் நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் பாருங்கள், அதையும் மீறிக்கொண்டு பழைய எரிச்சல்தான் முதலில் வெளியே வந்தது.

"கேப்டன் அவனை நிறுத்தினதும் போயிட்டீங்க, இல்ல? நான் போடும்போது நீங்க இல்ல. அவனைப் பாக்கத்தானே வந்தீங்க?"

உஸ்தாத் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார்.

"முனீப் ரெண்டாவதா ஒரு விக்கெட் எடுத்தானே, ஊரே எழுந்து குதிச்சுதே. அது என்ன பந்து? யார்க்கரா?"

ஷௌகத்துக்குப் புரியவில்லை.

"யார்க்கர்தான். ஏன், நீங்க பாக்கலையா?"

"பாக்கல."

"வேலியைப் பிடிச்சுக்கிட்டு அப்படிப் பாத்துக்கிட்டிருந்தீங்களே உஸ்தாத்!"

"பத்து வருஷமா வரலையேன்னு நேத்து கேட்டே. மனசு கேக்கல, வந்தேன். காலையில இருந்து உன்னைத் தாண்டி என் கண்ணு எங்கயும் போகலடா. நீ பிடரியைத் துடைக்கிற வரைக்கும் உக்காந்திருந்தேன்."