தாடி வளர்ந்த இடம்

முன்னொரு காலத்தில் நெடுங்குள நாட்டை மெய்க்கீர்த்திவர்மன் என்றொரு ராசா ஆண்டான். மீசை அவனுக்குக் கருகருவென்று இருந்தது. தாடிதான் வரவில்லை. என்னென்னவோ தைலம் தேய்த்தும் மோவாயில் மூன்று முடிக்கு மேல் முளைக்கவில்லை. ஒருநாள் கண்ணாடியைப் போட்டு உடைத்துவிட்டு ஆணையிட்டான்: "இனி என் நாட்டில் எவனுக்கும் தாடி கூடாது!"

நாவிதர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வீடு வீடாகப் போனார்கள். சந்நியாசிகளுக்கும் சவரம் நடந்தது. கோயில் தூணில் இருந்த கல் முனிவரின் தாடியைக்கூடச் சிற்பி உளியால் மழித்துவிட்டார்.

அந்த நாட்டில் செம்பாயி என்றொருத்தி இருந்தாள். அவள் புருசன் ஒச்சப்பனுக்கு ஊர் நியாயம் கேட்பதே வேலை. கோட்டைக் காவல் தலைவர் பராக்கிரமனாரின் ஆட்கள் மதில் கட்டவென்று பிடித்துப்போனவர்களில் சிலர் திரும்பவே இல்லை. ஒச்சப்பன் ஊர் ஊராகப் போய், திரும்பாதவர்களின் பெயர்களை ஓர் ஓலையில் எழுதினான். பதினோராவது பெயரை எழுதி, ஓலையை வீட்டில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனவன், அவனும் திரும்பவில்லை.

செம்பாயி சபைக்குப் போனாள்.

"ஒச்சப்பனா? அப்படி ஒருவன் இந்த நாட்டிலேயே இல்லை" என்றார் பராக்கிரமனார்.

அடுத்த மாதம் போனாள். "இருந்தான். காசிக்குப் போய்விட்டான்."

அதற்கடுத்த மாதமும் போனாள். "ஏம்மா, உன் வாய்க்குப் பயந்து எங்காவது ஒளிந்திருப்பான்!"

சபை கொல்லென்று சிரித்தது. ராசாவும் சிரித்தான்.

செம்பாயி அழவில்லை. நின்று பராக்கிரமனாரின் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. ஆனால் வணக்கம் சொல்ல மறந்த வாயிற்காவலனைக் கண்டதும் காது மடல் வரை சிவந்துபோனது. 'சரி, இவருக்கு வலிக்கிற இடம் அதுதான்' என்று நினைத்துக்கொண்டு, நேராகக் கூத்தாடி சிங்காரத்தின் வீட்டுக்குப் போனாள்.

ஐந்தாம் மாதம் சபைக்கு வந்தபோது அவள் பக்கத்தில் ஓர் ஆள் நின்றான். வழவழவென்ற முகம், தோளில் துண்டு.

"மகாராசா, என் புருசன் வந்துட்டாரு! அய்யா சொன்னபடி காசிக்குத்தான் போயிருக்காரு."

பராக்கிரமனாருக்கு ஒரு கணம் கண் பிதுங்கியது. பிறகு மீசையை முறுக்கிக்கொண்டார். "பார்த்தீர்களா அரசே! நான் என்றைக்காவது தவறிச் சொன்னதுண்டா?"

"போன கதையைச் சொல்லப்பா" என்றான் ராசா.

"என்னத்தைச் சொல்ல மகாராசா" என்று சிங்காரம் ஆரம்பித்தான். "கிளம்புகிற அன்னைக்கு இந்தப் பராக்கிரமனார் ஓடி வந்தாரு. 'ஒச்சப்பா, அந்த ஓலையைச் சபையில வாசிச்சிடாதே'ன்னு என் காலைப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. மூக்கெல்லாம் ஒழுகுது. என் துண்டாலதான் துடைச்சுவிட்டேன்."

காது மடல் சிவந்தது.

"யாரடா அழுதது! யார் யார் காலைப் பிடித்தது! அரசே, இவன் ஒச்சப்பனே இல்லை!"

"முதலில் அப்படி ஒருவனே இல்லை என்றீரே, அவனை நீர் பார்த்ததுண்டா?" என்றான் ராசா.

"பார்த்ததில்லைதான். ஆனால் இந்த மழுமழு மூஞ்சியா ஒச்சப்பன்? அவனுக்கு நெஞ்சு வரை தாடி தொங்குகிறது!"

ராசாவின் கை தானாக மோவாயிலிருந்த மூன்று முடிகளைத் தடவியது.

"என் நாட்டில்," என்றான் மெதுவாக, "நெஞ்சு வரை தாடியா?"

செம்பாயி முன்னால் வந்தாள். "மகாராசா, இவரு கூத்தாடி. நான் சொன்னது பொய்தான். அதுக்கு அரைநாழிகைகூட ஆயுசு இல்லை. அய்யாவோட பொய்க்கு அஞ்சு மாசம். என் வீட்டுக்காரரு காணாமப் போன அன்னைக்குக் காலையிலதான் சவரம் பண்ணிக்கிட்டாரு. இந்த நாட்டுல நாவிதர் கத்தி போகாத இடம் ஏது? அதைக் கேளுங்க, தாடி எங்க வளருதுன்னு தெரியும்."

அரண்மனை நாவிதர் கைகட்டி வந்தார். "பழைய யானைக் கொட்டடிதான் அரசே. அதற்கடியில் ஒரு நிலவறை உண்டு. காவலர்களை வெளியே வரவழைத்துத்தான் மழிப்போம். உள்ளே மட்டும் எங்களை விட்டதே இல்லை."

ராசாவே நடந்து போனான். கதவைத் திறந்ததும் ஐந்து பேர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். முதலில் வந்தவன் ஒச்சப்பன். செம்பாயி கிட்டே போய், அந்தத் தாடிக்குள் விரலை விட்டு, உள்ளே இருப்பது அவன் முகம்தானா என்று தடவிப் பார்த்தாள். கடைசியாக வந்த கிழவரின் தாடி இடுப்புக்கும் கீழே தொங்கியது.

ராசா அதையே பார்த்தான். "இவ்வளவு நீளத்துக்கு எத்தனை வருசம் ஆகும்?"

"நீங்க பட்டத்துக்கு வந்த வருசம் மழிச்சது மகாராசா" என்றார் கிழவர்.

ராசா தலை குனிந்தான். "செம்பாயி, உன் புத்திக்கு என்ன வேண்டுமானாலும் கேள். இந்தப் பராக்கிரமனாரை அதே அறையில் போட்டு அடைத்துவிடவா?"

"வேணாம் மகாராசா. ஊரறிய விசாரிங்க. ஊரறிய இருக்கிற சிறையில வைங்க. அவரு பொஞ்சாதி எப்பக் கேட்டாலும் எங்க இருக்காருன்னு சொல்லணும். ஒருநாள் விட்டு ஒருநாள் நாவிதரும் போகணும்."

அப்படியே ஆணையானது. பராக்கிரமனார் அந்த நாட்டிலேயே மழுமழுவென்ற கைதியாக இருந்தார். தாடித் தடையையும் ராசா நீக்க எண்ணினான். "அது கொஞ்ச நாள் இருக்கட்டும் மகாராசா" என்று செம்பாயி சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை ஒச்சப்பன் பளபளவென்று மழித்த முகத்தோடு சபைக்கு வந்தான். கையில் அதே ஓலை.

"மகாராசா, இதுல பதினோரு பேரு. நேத்து என்னோட வெளியே வந்தது நாலு பேரு. மிச்சம் ஏழு பேரு எங்க?"

வழக்கம்போல அமைச்சர் ஒருவர் "அப்படி யாரும்..." என்று ஆரம்பித்தார்.

ராசா கையைக் காட்டி அவரை உட்கார வைத்தான். பிறகு தானே சிங்காசனத்திலிருந்து இறங்கி வந்து, ஒச்சப்பன் முன்னால் நின்றான்.

"முதல் பெயரை வாசி" என்றான்.