முப்பத்திரண்டு கட்டமும் ஒரு கையும்

வேலூரில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்திரண்டு.

குருவின் பெயர் நீலாயதாட்சி. சத்துவாச்சாரியில், வீட்டின் மாடியறையில் கர்நாடக சங்கீத வகுப்பு நடத்தி வந்தார். சீடரின் பெயர் தணிகாசலம். நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் சங்கிலியும் கையுமாக வயல் வரப்புகளில் அலைந்து ஓய்வு பெற்றவர். அவர் அளந்து சொன்னால் அண்ணன் தம்பிகள்கூட வாய் திறக்க மாட்டார்கள். அந்தப் பெருமை ஓய்வு பெற்ற பிறகும் அவரை விட்டுப் போகவில்லை.

அவருக்குப் பாட வராது. வராது என்றால் சுத்தமாக வராது. முதல் வாரத்திலேயே குருவும் சீடரும் இதில் ஒருமனதாகிவிட்டார்கள். பாட வேண்டாம், கேட்கவாவது கற்றுக்கொடுங்கள் என்று அவர் கேட்டார். நீலாயதாட்சி யோசித்துப் பார்த்து, முதலில் தாளம் போடக் கற்றுக்கொடுத்தார். அளந்தே பழகிய கை, சட்டென்று பிடித்துக்கொண்டது. மூன்று வருடமாக வகுப்பில் பிள்ளைகள் பாடுவார்கள், தணிகாசலம் சுவரோரமாக உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவார். பிள்ளைகள் தாளம் தப்பினால் அவர் கையைத்தான் பார்ப்பார்கள்.

இத்தனை இருந்தும் அவருக்கு ஒரு மனக்குறை. யாராவது வந்து, இவர் யார் என்று விசாரித்தால், நீலாயதாட்சி ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"இவர் பாட்டு கேட்கிறவர்."

சீடர் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பாட்டை யார்தான் கேட்கவில்லை? டீக்கடையில் நிற்கிறவனும் கேட்கிறான். ஒவ்வொரு முறையும் தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்ப்பார்.

அந்தக் குறை தீர ஒரு வழி வந்தது. ஊரில் பாலாற்றங்கரை ரசிகர் வட்டம் என்று ஒரு சபை. எண்பது உறுப்பினர்கள், தணிகாசலம் உட்பட பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். கச்சேரிக்குப் போக முழங்கால் ஒத்துழைக்காததால் எல்லோரும் போனில் பாட்டு கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அங்கேதான் சண்டை வந்தது. ஒருவருக்கு ஒரு செயலி உசத்தி, அடுத்தவருக்கு அது குப்பை. செயலாளர் பலராமன் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐந்து செயலிகளையும் ஒப்பிட்டு எது சிறந்தது என்று சொல்லும் பொறுப்பைத் தணிகாசலத்திடம் கொடுத்தார். முடிவை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து கனகசபாபதி என்ற சங்கீத விமர்சகர் சிறப்பு விருந்தினராக வருகிறார். நீலாயதாட்சியும் வருவார்.

அன்றைக்காவது டீச்சர் நாலு பேர் முன்னால் தன்னைச் சீடர் என்று சொல்லிவிட மாட்டாரா என்று தணிகாசலம் கணக்குப் போட்டார்.

வேலை என்று வந்துவிட்டால் அவர் ராட்சசன். ஐந்து செயலிகளுக்கும் அ, ஆ, இ, ஈ, உ என்று பெயர் வைத்தார். முப்பத்திரண்டு கட்டங்கள் கொண்ட அட்டவணை போட்டார். வயலினின் மேல் ஸ்தாயி பிசிறில்லாமல் கேட்கிறதா, மிருதங்க வித்வானின் பெயர் இருக்கிறதா, ராகத்தின் பெயரை எப்படி எழுதித் தேடினாலும் கிடைக்கிறதா, ஒன்றையும் விடவில்லை. ஒரு செயலியில் ஆலாபனை முடிந்து பாட்டு தொடங்குவதற்குள் பனியன் விளம்பரம் வந்தது. இன்னொன்றில் தாளத்தின் பெயரைப் பாடகர் இடத்தில் போட்டிருந்தார்கள். அதன்படி ஆதி என்ற ஒருவர் மூவாயிரம் பாட்டுகள் பாடியிருந்தார். தணிகாசலம் இரண்டுக்கும் மதிப்பெண்ணைக் குறைத்தார்.

ஒலியைச் சோதிக்க ஐந்திலும் ஒரே பாட்டை வைத்துக்கொண்டார். ஆனைக்குப்பம் தண்டபாணி என்ற பெரியவர் நாற்பது வருடத்துக்கு முன் ஒரு கோயில் மண்டபத்தில் பாடிய தோடி. ஆதி தாளம். நீலாயதாட்சிக்கு உயிரான பதிவு அது. மூன்று வாரத்தில் அதை நாற்பது தடவை கேட்டார். முடிவில் அ முதலிடம், உ கடைசி இடம். அட்டவணையை எண்பது பிரதி எடுத்து, சுருள் கம்பி போட்டுக் கட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலையில் மாடியேறினார்.

நீலாயதாட்சி அட்டவணையைக் கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் புரட்டினார். தணிகாசலம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எது சிறந்ததுன்னு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும் டீச்சர்."

நீலாயதாட்சி அட்டவணையை மூடி வைத்தார். அந்தத் தோடியைப் போடச் சொன்னார். எதில் போட என்று தணிகாசலம் கேட்க, உங்கள் முதல் மார்க்கிலேயே போடுங்கள் என்றார். தணிகாசலம் உற்சாகமாகப் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நீலாயதாட்சி கையை நீட்டி அந்தப் பேனாவை வாங்கி ஜன்னல் மேல் வைத்தார்.

"தாளம் போடுங்க சார்."

இவ்வளவுதானா என்று தணிகாசலம் போட ஆரம்பித்தார். பல்லவி போயிற்று. அனுபல்லவி போயிற்று. அனுபல்லவியை முடித்துப் பல்லவிக்குத் திரும்பும் இடத்தில், அவருடைய சுண்டுவிரல் தொடையில் பட்டபோது தண்டபாணி அதற்குள் பல்லவியை எடுத்துவிட்டிருந்தார். கடைசித் தட்டில் வர வேண்டிய பல்லவி அது. தணிகாசலத்தின் கை அப்படியே நின்றுவிட்டது.

மூன்று வருடத்தில் முதல் தடவை. காது மடல் சூடாகிவிட்டது அவருக்கு. மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி போட்டார். அதே இடம், அதே சுண்டுவிரல். மூன்றாம் தடவையும் அப்படியே. ஆ, இ, ஈ என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் கை தப்பியது.

"எனக்கு வயசாயிடுச்சு டீச்சர். கை தப்புது."

"உங்க கை தப்பாது சார்."

அதை நீலாயதாட்சி ஏதோ ஊருக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னார். இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறதே என்று அவர் நினைவூட்டினார். கடைசி மார்க் வாங்கிய உ.

அதில் போட்டார். மண்டபத்து மின்விசிறி கொரகொரவென்று ஓடியது. அனுபல்லவி முடிந்தது. தண்டபாணி முதல் தட்டில் நிறுத்தினார். வயலின் நின்றது, மிருதங்கம் நின்றது. எங்கோ ஆழத்தில் தம்புரா மட்டும். தணிகாசலத்தின் சுண்டுவிரல் பட்டது, மோதிரவிரல் பட்டது, நடுவிரல், ஒரு தட்டு, ஒரு வீச்சு. ஐந்து எண்ணிக்கை முழுதாக யாரும் பாடவில்லை. அடுத்த தட்டில் அவர் உள்ளங்கை தொடையில் விழுந்த அதே நொடியில் தண்டபாணி பல்லவியை எடுத்தார்.

தணிகாசலத்துக்கு உடம்பு சிலிர்த்தது. பாட்டு முடியும் வரை தாளம் போட்டார்.

பிறகு போனை எடுத்து அமைப்புகளைத் தேடினார். நான்கு செயலிகளில் மௌனத்தைத் தாண்டிச் செல்லும் வசதி ஒன்று இருந்தது. சீக்கிரம் சோதித்து முடிக்கலாமென்று முதல் நாளே அதை முடுக்கிவிட்டவர் அவரேதான். தம்புராவின் மெல்லிய ஓசையைச் செயலி ஓசையாகவே எண்ணவில்லை. ஐந்து எண்ணிக்கையையும் விழுங்கிவிட்டு நேரே பல்லவிக்குத் தாவியிருந்தது. உ செயலியில் அந்த வசதியே கிடையாது. அது இல்லாத குற்றத்துக்காக அதற்கு மூன்று மதிப்பெண் குறைத்திருந்தார். இருபத்தாறாவது கட்டம்.

இதையெல்லாம் அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்லி முடித்தார்.

"நாற்பது தடவை கேட்டீங்களே சார். அப்போ கை எங்கே இருந்தது?"

"பேனா பிடிச்சிட்டிருந்தது."

நீலாயதாட்சி சிரிக்கவில்லை. ஜன்னலிலிருந்த பேனாவை எடுத்து அவரிடமே கொடுத்தார். அப்படியானால் உ செயலிதான் சிறந்ததா, அதையே சொல்லிவிடட்டுமா என்று தணிகாசலம் கேட்டார். அதற்குள் பிள்ளைகள் மாடியேறி வரும் சத்தம் கேட்டது, வகுப்பு தொடங்கிவிட்டது.

இரண்டு நாள் தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வசதியை அணைத்துவிட்டு, இருபத்தாறாவது கட்டத்தை மட்டும் அடித்துத் திருத்திவிட்டால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை. விமர்சகர் பாராட்டுவார். டீச்சரும் வாய் திறந்து சொல்ல மாட்டார். ஆனால் தப்பாகப் பிடித்த சங்கிலியில் அளந்த நிலத்துக்கு அவர் ஒருநாளும் கல் நட்டதில்லை. அப்படி நட்டவர்களை அவர் மனிதராகவே மதித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட அரங்கம் நிறைந்திருந்தது. பலராமன் அவரை வானளாவப் புகழ்ந்துவிட்டு ஒலிவாங்கியைக் கொடுத்தார். தணிகாசலம் அட்டவணைக் கட்டைத் திறக்காமல் மேஜைமேல் வைத்தார்.

இதில் எழுதியிருப்பதை யாரும் நம்ப வேண்டாம் என்று ஆரம்பித்தார். மௌனத்தைத் தாண்டும் வசதி பாட்டில் ஐந்து எண்ணிக்கையை விழுங்கியிருந்தது, நாற்பது தடவையும் அது எனக்குத் தெரியவில்லை, தெரியாமலே மார்க் போட்டேன் என்று சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதுதான் கண்டுபிடித்தாயிற்றே, அதை அணைத்துவிட்டுப் பழைய மார்க்கையே வைத்துக்கொள்ளலாமே என்று பலராமன் பதறினார்.

"செயலியில அணைச்சிடலாம் சார். மார்க் போட்டவன் கேட்கலையே."

பிறகு தணிகாசலம் முன்வரிசையில் யாரிடமாவது போன் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார். ஒரு அம்மாள் கொடுத்தார். அதில் எந்தச் செயலி என்று அவர் பார்க்கவில்லை. மௌனத்தைத் தாண்டும் வசதி அணைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, தண்டபாணியின் தோடியைப் போட்டு ஒலிவாங்கியின் பக்கத்தில் வைத்தார். எல்லோரும் தாளம் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கீழே உட்கார்ந்து தானும் போட்டார்.

அனுபல்லவி முடிந்தது. பாட்டு நின்றது. எண்பது பேருடைய விரல்களும் உள்ளங்கைகளும் தொடையில் படும் சத்தம் மட்டும் அரங்கத்தில் கேட்டது. பலராமனின் கை உட்பட. ஐந்து எண்ணி முடித்து அத்தனை கையும் ஒன்றாக விழுந்த தட்டில் தண்டபாணி எடுத்தார். முன்வரிசை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ "ஆகா" என்றார்கள். இவ்வளவு பேர் சேர்ந்து கேட்டு, அதில் ஒருவராகத் தான் இருந்ததில் தணிகாசலத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எந்தச் செயலி என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

கூட்டம் கலைந்தபோது விமர்சகர் கனகசபாபதி நேராக நீலாயதாட்சியிடம் வந்தார். தணிகாசலம் இரண்டடி தள்ளி, பிரிக்காத கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். விமர்சகர் அவரைக் காட்டி, இத்தனை வருடம் எழுதுகிறேன், எழுதினதைத் தப்பு என்று சபையில் எழுந்து சொல்ல எனக்கு வந்ததில்லை என்றார். இவர் யார், வித்வானா, உங்களிடம் பாட்டு கற்றுக்கொள்கிற சீடரா என்று கேட்டார்.

நீலாயதாட்சி உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்தார். தணிகாசலத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மூன்று வருடமாகத் தரையைப் பார்த்தவர் இன்றைக்குத் தலையைக் குனியவில்லை.

"இல்லைங்க," என்றார் நீலாயதாட்சி. "இவர் பாட்டு கேட்கிறவர்."