படிக்கட்டில் நின்ற ரொட்டி

மேகக்கோம்பைக்குப் போகும் முதல் பஸ்ஸில் தினமும் ஒரு பயணி டிக்கெட் வாங்காமல் ஏறிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை, வாசனை. கடைசிக் கொண்டை ஊசி வளைவில் ஏறும். பின்சீட்டில் தூங்குகிறவர்களை மூக்கைத் தொட்டு எழுப்பும். சந்தைத் திடலில் எல்லாருக்கும் முன்னால் இறங்கிப் போய்விடும்.

கண்டக்டர் மாசிலாமணி கடமை தவறாத மனிதர். ஓய்வு பெற்ற மறுநாள் அதே பஸ்ஸில் சாதாரணப் பயணியாக வந்து, அந்த வாசனைக்குப் பின்னாலேயே இறங்கி நடந்தார். டிக்கெட் கேட்கத்தான் போனார் என்று ஊரில் சொல்வார்கள். போனவர் திரும்பவில்லை.

வாசனை போய் நின்ற இடம் ஊர் அடுப்பு. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ரொட்டி அடுப்பு. எவ்வளவு பெரிசு என்றால், ஒருமுறை குளிருக்கு ஒதுங்கி உள்ளே போன சினை ஆடு, வாசலைக் கண்டுபிடித்து வெளியே வருவதற்குள் குட்டி போட்டு, குட்டிக்கும் கொம்பு முளைத்துவிட்டதாம். அடுப்பு ஊருக்குச் சொந்தம். தீ மட்டும் பிலோமி மாஸ்டருக்குச் சொந்தம்.

பிலோமிக்கு, மாசிலாமணியின் கடைசித் தங்கை வயசுதான் இருக்கும்.

"மாஸ்டர், எனக்கு ரொட்டி போடக் கத்துக் கொடுங்க."

"மாவு பிசையத் தெரியுமாண்ணே?"

"தெரியாது. டிக்கெட் கிழிக்கத் தெரியும்."

"விரல் பழகியிருக்கு. வாங்க."

அப்படித்தான் அவர் சீடரானார்.

மேகக்கோம்பைக் கோடைச் சந்தையின் கடைசி நாள் ரொட்டிப் போட்டி நடக்கும். ஜெயித்தவருக்குப் பரிசு, அடுப்பு. அடுத்த சந்தை வரைக்கும் அதில் அவர்தான் ரொட்டி போடலாம். மற்றவர்கள் விறகு சுமக்கலாம், மாவு பிசையலாம், வாசனை பிடிக்கலாம். மாசிலாமணி வருஷா வருஷம் சேர்ந்தார், தோற்றார், விறகு சுமந்தார். ஜெயித்தது எப்போதும் சைலஸ். நல்ல கைக்காரர். அதைத் தானே சொல்லிக்கொள்ளவும் கூசாதவர்.

இந்த வருஷம் ஈரோட்டிலிருந்து மகன் ஃபோன் செய்தான்.

"யாரோ போடுற ரொட்டிக்கு இந்த வயசுல விறகு சுமக்கிறீங்கப்பா. அடுப்பு கிடைச்சா அங்கேயே இருங்க, நான் ஒண்ணும் சொல்லல. கிடைக்கலைன்னா அன்னிக்கே கடைசி பஸ்ல ஏறி வந்துடணும். சரியா?"

"சரிடா."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"கண்டக்டர் வார்த்தைடா."

போட்டியன்று காலையிலேயே தகரப்பெட்டியைக் கட்டிக் கொண்டுவந்து அடுப்புப் பக்கத்தில் வைத்தார்.

அன்றைக்கு இறங்கிய பனியில் மாவுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கவில்லை. பாத்திரத்தைத் திறந்து வைத்தால் போதும், பனியே வந்து உட்கார்ந்தது. மாசிலாமணி மலைவாழைப்பழம் போட்டுப் புளிக்க வைத்த மாவைத் தூங்குகிற குழந்தையைத் திருப்புவது போலத் திருப்பித் திருப்பிப் பிசைந்தார். இதுவரை அவர் கைக்கு வராத பதம் அன்றைக்கு வந்தது. மாஸ்டர் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். விரலை எடுக்க மனசில்லாமல் எடுத்தார்.

பிறகு சீட்டுக் குலுக்கினார்கள். எல்லா ரொட்டியும் ஒரே அடுப்பில், ஒரே நேரத்தில் வேகவேண்டும் என்பது சந்தை வழக்கம். எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டுத்தான் சொல்லும். சைலஸுக்கு உள்மூலை விழுந்தது. சூடு உட்கார்ந்து அரசாளும் இடம் அது. மாசிலாமணிக்கு விழுந்தது வாய்ப்பக்கம். கதவிடுக்கில் குளிர் நுழையும் இடம்.

"என்ன கண்டக்டரே, புட்போர்டா?" என்றார் சைலஸ். "கெட்டியாப் பிடிச்சுக்குங்க. எனக்கு ஜன்னலோரம்!"

எல்லாரும் சிரித்தார்கள். மாசிலாமணியும் சிரித்துவைத்தார்.

வாய்ப்பக்கத்து ரொட்டி கடைசியாக உள்ளே போகும், முதலில் வெளியே வரும். அதை எடுக்காமல் பின்னால் இருக்கிற எதையும் எடுக்க வழியில்லை. அதனால் கதவை எப்போது திறப்பது என்று சொல்லும் உரிமை வாய்ப்பக்கத்துக்காரருக்கு மட்டும்தான். அவர் சொல்லாமல் மாஸ்டர்கூடக் கதவைத் தொடக்கூடாது. வெளியே வந்ததெல்லாம் உடனே ஒன்றாக நடுவர் மேசைக்குப் போய்விட வேண்டும். கதவு மூடியதும் மற்றவர்கள் திடலுக்குப் போய்விடுவார்கள். கூட நின்றால் அடிதடியாகிவிடும் என்று முன்னோர் கண்டிருந்தார்கள்.

தணலை வாரி வெளியே தள்ளி, ஈரச்சாக்கால் தரையைத் துடைத்து, மாஸ்டர் ரொட்டிகளை ஒவ்வொன்றாக நீளத் துடுப்பில் ஏந்தி உள்ளே விட்டார். இரும்புக் கதவு மூடியது. அடுப்பின் முன்னால் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

தூரத்தில் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மேல்பாதி பனிக்குள் போயிருந்தது. கத்திக்கொண்டு மேலே போனவர்கள் கண் சொக்கிக் கீழே வந்தார்கள். ஒலிபெருக்கிச் சத்தம் பஞ்சில் சுற்றி வந்தது போல வந்தது. எங்கோ ஒரு மாடு கனவில் கூப்பிட்டது.

கதவிடுக்கு வழியாக முதலில் புளித்த வாசனை வந்தது. பிறகு மழை விழுந்த மண். பிறகு வறுத்த கடலை. மாசிலாமணி நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"மாஸ்டர், உள்வரிசை வெந்துடுச்சு."

"ம்."

"என்னுது இன்னும் மூச்சே விடல."

"ம்."

"இப்ப திறந்தா நான் போச்சு. கொஞ்சம் பொறுத்துத் திறந்தா என்னுது பொன்னாட்டம் வரும். மத்ததெல்லாம் கரி."

மாஸ்டர் நகக்கண்ணில் ஒட்டியிருந்த மாவை நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார்.

"யாரும் என்னை ஏன்னு கேக்க முடியாது மாஸ்டர்."

"முடியாது. உங்க உரிமை."

மாசிலாமணி தகரப்பெட்டியைப் பார்த்தார். பெட்டி அவரைப் பார்த்தது.

"என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

மாஸ்டர் தணலில் வைத்திருந்த டீயை டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

"அண்ணே, உங்க பஸ்ஸுல நல்ல கூட்டம். படிக்கட்டுல ஒருத்தன் நிக்கிறான். அவன் ஊரு இன்னும் வரல. உள்ள இருக்கிறவங்க ஊரு வந்துடுச்சு. அவன்கிட்ட என்ன சொல்வீங்க?"

"இறங்கி வழி விடுய்யான்னு சொல்வேன்."

"மாட்டேன்னா?"

"மாட்டேம்பானா? சட்டையைப் பிடிச்சு இறக்க மாட்டேன்?"

மாஸ்டர் டீயை ஊதிக் குடித்தார்.

கடலை வாசனைக்குப் பின்னால் வெல்லப்பாகு வாசனை எட்டிப் பார்த்தது. அதற்கு அடுத்து வருவது கரி. மாசிலாமணி எழுந்தார். விரலை மடக்கி நாக்கடியில் வைத்து நீளமாக ஒற்றை விசில் அடித்தார். வண்டியை நிறுத்தச் சொல்லும் விசில்; கிளம்பச் சொல்வது டபுள்.

மாஸ்டர் கதவைத் திறந்தார்.

முதலில் வெளியே வந்த ரொட்டி, பவுடர் பூசிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிற பையன் மாதிரி வெளுத்திருந்தது. அடுத்தடுத்து வந்தவை சிவந்திருந்தன. கடைசியாக வந்த சைலஸின் ரொட்டி கோயில் கலசம் போலிருந்தது.

நடுவர் மாசிலாமணியின் ரொட்டியை விரலால் அமுக்கினார். விரல் பட்ட பள்ளம் அப்படியே நின்றது.

"இது இன்னும் ரொட்டி ஆகல. ஆகலாமான்னு யோசிச்சிட்டிருக்கு" என்றார். கத்தி வைக்கவில்லை. கூட்டம் சிரித்தது. ஒலிபெருக்கி சைலஸின் பெயரைச் சொன்னது. சைலஸைத் தோளில் தூக்கிக்கொண்டு ராட்டினத்தைச் சுற்றி வந்தார்கள்.

வெயில் பனிக்குள்ளேயே மஞ்சளாகித் தணிந்தது. கடைசி பஸ் திடலில் வந்து நின்று ஹாரன் அடித்தது.

மாசிலாமணி பெட்டியை எடுக்க வந்தார். தூக்கிப்போட மனசு வராத வெளுத்த ரொட்டி கக்கத்தில் இருந்தது. மாஸ்டர் அதைக் கேட்காமலே உருவிக்கொண்டார். துடுப்பில் வைத்து, காலியான அடுப்புக்குள் சூடு மிச்சமிருந்த உள்மூலைக்கே அனுப்பிக் கதவை மூடினார்.

அடுப்பைத் தொட்டுக் கும்பிட்டுப் போக வந்த சைலஸ், மாலையும் கழுத்துமாக நின்று பார்த்தார். பரிசு ரொட்டி கையில் இருந்தது.

"போட்டிதான் முடிஞ்சாச்சே மாஸ்டர்? இன்னும் என்ன வேகுது?"

"முடிஞ்சதுன்னு அடுப்புக்கு யாரு போய்ச் சொன்னது?"

"யாரு ரொட்டி?"

"வாய்ப்பக்கத்து ரொட்டி."

சைலஸ் சிரிக்கத்தான் வாயெடுத்தார். ஆனால் அவர் ரொட்டிக்காரர். கையிலிருந்ததைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். ஓரத்தில் தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு ஓடியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் ஒரு வெத்தலை மெல்லுற நேரம் போயிருந்தா..." என்றார். மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு விறகுக்கட்டின் மேல் உட்கார்ந்தார்.

ஹாரன் மறுபடி கேட்டது.

"நான் வர்றேன் மாஸ்டர்" என்றார் மாசிலாமணி. "பையன்கிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன். வெந்ததும் நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க."

பெட்டியைத் தூக்கினார். அப்போது அது வந்தது. புளித்த வாழைப்பழம், நனைந்த மண், வறுத்த கடலை. கதவிடுக்கில் இறங்கி, அவர் முழங்காலைச் சுற்றி, பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தது. பெட்டி கனத்தது. முதல் பஸ்ஸில் தினமும் அவரை ஏமாற்றிவிட்டு இறங்கிப் போன அதே பயணி.

சைலஸ் விறகுக்கட்டில் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டார்.

திடலில் பஸ் உறுமியது.

"எல்லாரும் இறங்கிப் போயாச்சு. இனிமே எனக்கு எதுக்கு மாஸ்டர் அது?" என்றார் மாசிலாமணி.

மாஸ்டர் கதவிடுக்கில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே சொன்னார்:

"இறங்கி வழி விட்டவன் மறுபடி ஏறுறதுக்கு முன்னாடி, என்னைக்காவது டபுள் விசில் கொடுத்திருக்கீங்களாண்ணே?"