சொள்ளமுத்து கொடுத்த நெல்லிக்கன்று

அரசம்பேரியில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவர் கோமதிநாயகம் யோசிப்பார். நடுவிலுள்ள பிச்சைக்கண்ணு அதற்குத் தலையாட்டுவான். கடைக்குட்டி பூதத்தான் அதைச் செய்து முடிப்பான். வேலையை இப்படி ஒழுங்காகப் பிரித்துக்கொண்டதால், அந்த வீட்டில் ஒரு காரியம் கெட்டுப்போனால் பழியும் ஒழுங்காகப் பிரிந்துவிடும்.

பூதத்தானுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பக்கத்து ஊர் சொள்ளமுத்துவின் மகள் தங்கபுஷ்பம். காலேஜில் படித்தவள். பெண் பார்க்கப் போன அன்று, "சூடா இருக்கு, ஊதிக் குடிங்க" என்று காப்பியை நீட்டினாள். பூதத்தான் ஊதினான். காப்பி பச்சைத் தண்ணீராக ஆறிய பிறகும் ஊதிக்கொண்டே இருந்தான். நிறுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லையே! தங்கபுஷ்பம் தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தன்னைப் பிடித்துப்போய்த்தான் சிரிக்கிறாள் என்று பூதத்தான் நினைத்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் அவளைத்தான் கட்டுவது என்று இருந்தான்.

ஆனால் பெண்ணைக் கொடுக்க வேண்டியவர் சொள்ளமுத்து. நெல்லிக்காய் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவருடைய எண்ணம். மரத்தைப் பார்த்தே காயின் ருசியைச் சொல்வார். தின்று பார்த்து, சொன்னது தப்பாக இருந்தால் காயைத்தான் திட்டுவார்.

அவர் பூதத்தானிடம் ஒரு நெல்லிக்கன்றைக் கொடுத்தார். "மாப்ளே, இதை உங்க வீட்டுத் தோட்டத்துல வச்சு வளக்கணும். நல்லா வெயில் படணும். வேர் பிடிச்சிருக்கான்னு அப்பப்பப் பாத்துக்கிடணும். ஆடு ஒண்ணு வச்சிருக்கீங்கள்லா, அது மேல ஒரு கண்ணு இருக்கட்டும். முதல் காய் காய்ச்சதும் சொல்லி அனுப்புங்க. நான் வந்து தின்னு பாப்பேன். நெல்லியத் தின்னுட்டுத் தண்ணி குடிச்சா இனிக்கணும். இனிச்சா கல்யாணம். ஒரு கன்ன வளக்கத் தெரியாதவன் என் பொண்ண எப்படி வச்சுக் காப்பாத்துவான்?"

கதவுக்குப் பின்னாலிருந்து தங்கபுஷ்பம், "யப்பா, நெல்லி காய்க்க வருசக்கணக்காகும். அதுவரைக்கும் நான் என்ன செய்ய?" என்றாள்.

"நீ படிச்சது தாவரவியல். நான் பேசுதது நெல்லிக்காய். உள்ள போ" என்றார் சொள்ளமுத்து.

கன்று அரசம்பேரிக்கு வந்து சேர்ந்தது. வீட்டுக்கு முன்பக்கம் காலை வெயில். பின்பக்கம் சாயந்தர வெயில். எங்கே நடுவது?

"மாமா வெயில்னுதான் சொன்னாரு. காலை வெயிலா, சாயந்தர வெயிலான்னு சொல்லலையே" என்றார் கோமதிநாயகம்.

"ஆமாண்ணே, சொல்லல" என்று பிச்சைக்கண்ணு தலையாட்டினான்.

"அப்ப ரெண்டும் வேணும்னு அர்த்தம்."

காலையில் முன்பக்கம் நட்டார்கள். மத்தியானம் பிடுங்கிப் பின்பக்கம் நட்டார்கள். இதில் ஒரு சௌகரியமும் இருந்தது. பிடுங்கும்போதெல்லாம் வேர் பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பிடித்திருக்கவே இல்லை.

"சோம்பேறி வேருலே இது. எத்தனை தடவ நட்டாலும் பிடிக்க மாட்டேங்குது" என்று பிச்சைக்கண்ணு அலுத்துக்கொண்டான். பூதத்தான் வேரைத் தடவிக்கொடுத்து, "கொஞ்சம் பிடி, எனக்காகப் பிடி" என்று கெஞ்சினான். வேர் பிடிக்கவில்லை. இலைகள் சுருண்டன. இலை சுருள்வது காய்க்கப்போவதற்கு அடையாளம் என்று கோமதிநாயகம் சொன்னதால், அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

அடுத்து ஆட்டுப் பிரச்சனை வந்தது. ஆடு கொல்லையில் நிற்கிறது. காலையில் கன்று முன்பக்கம் நிற்கிறது. பூதத்தான் கன்றைப் பார்த்தால் ஆட்டைப் பார்க்க முடியவில்லை. ஆட்டைப் பார்த்தால் கன்று கண்ணில் படவில்லை. நடுவில் நின்று கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பியதில் கழுத்து பிடித்துக்கொண்டது.

"பிடிக்க வேண்டிய வேர் பிடிக்கல. ஒனக்குக் கழுத்து பிடிக்குது. இதுக்கு ஒரு வழி பண்ணணும்" என்று கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். பிச்சைக்கண்ணு மரியாதைக்காகத் தானும் மூடிக்கொண்டான்.

கடைசியில் கோமதிநாயகம் கண்ணைத் திறந்து, "ஏலே, ஆட்டைக் கொண்டாந்து கன்னுப் பக்கத்துலயே கட்டு. ஒரே பார்வையில ரெண்டையும் பாத்துரலாம்" என்றார்.

பூதத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான்? ஆட்டைக் கன்றிலேயே கட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தான். கண் இமைக்காமல் பார்த்தான். ஆடு முதலில் இலையைத் தின்றதையும் பார்த்தான். பிறகு தண்டைத் தின்றதையும், கடைசியில் வேரைத் தின்றதையும் ஒன்று விடாமல் பார்த்தான். மாமா பார்க்கத்தான் சொன்னார். தடுக்கச் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து ஆடு ஏப்பம் விட்ட பிறகுதான் தங்கபுஷ்பத்தின் முகம் நினைவுக்கு வந்தது. மண்ணில் புரண்டு அழுதான். "போச்சே அண்ணே! நெல்லியும் போச்சு, பொண்ணும் போச்சே!"

"எங்கலே போச்சு?" என்று கோமதிநாயகம் அதட்டினார். "நெல்லி ஊரை விட்டுப் போச்சா? வீட்டை விட்டுப் போச்சா? ஆட்டுக்குள்ள இருக்கு. இடம்தான் மாறியிருக்கு. நாமளும் தினமும் இடம் மாத்திக்கிட்டுத்தான இருந்தோம்?"

"ஆமாண்ணே, மாத்திக்கிட்டுத்தான் இருந்தோம்."

அதே குழியில் ஆட்டை இறக்கி, முழங்கால் வரைக்கும் மண் போட்டு மிதித்து, தண்ணீர் ஊற்றினார்கள். மத்தியானம் ஆடு தானாகவே குழியிலிருந்து ஏறிப் பின்பக்க வெயிலுக்குப் போனது. மூவரும் அசந்துபோனார்கள்.

"பாத்தியா? பழைய கன்னைப் பிடுங்கித் தூக்க வேண்டியிருந்துச்சு. இது நல்ல ரகம், தானாப் போகுது" என்றார் கோமதிநாயகம்.

மறுநாள் காலையில் ஆட்டை மறுபடி முன்பக்கக் குழியில் நட்டார்கள். தண்ணீர் ஊற்றப் போன பூதத்தான், செம்பைப் போட்டுவிட்டுக் கத்தினான். "அண்ணே! காய்ச்சிருச்சு!"

ஆட்டுக்குப் பின்னால் காய்கள் கொத்துக் கொத்தாக உதிர்ந்து கிடந்தன. சின்னதாக, உருண்டையாக, பளபளவென்று. நிறம்தான் கொஞ்சம் கறுப்பு. உடனே மாமாவுக்கு ஆள் போனது.

சொள்ளமுத்து வந்தார். குழியில் நிற்கும் ஆட்டைப் பார்த்தார். ஆடு அவரைப் பார்த்தது.

"நான் குடுக்கும்போது இலை இருந்துச்சே?"

"உதிந்துருச்சு மாமா."

சொள்ளமுத்து ஆட்டை ஒரு சுற்று சுற்றிவந்தார். தனக்கு விளங்கவில்லை என்று சொன்னால், நெல்லியில் தனக்குத் தெரியாத ஒன்று உண்டென்று ஆகிவிடும். தாடையைத் தடவிக்கொண்டு, "உரம் சாஸ்தியாப் போச்சு. அதான் இப்படி" என்றார்.

வாழையிலையில் காய்களை வைத்துக் கொடுத்தார்கள். ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். முகம் கோணியது, நிமிர்ந்தது, மறுபடி கோணியது. செம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டு வாங்கி அதையும் குடித்தார். பூதத்தான் அவர் முகத்துக்குக் கிட்டே குனிந்தான்.

"இனிக்குதா மாமா?"

சொள்ளமுத்து வானத்தைப் பார்த்தார். "எங்க தோட்டத்துக் கன்னாச்சே. இனிக்காம எங்க போகும்?"

கல்யாணம் நிச்சயமானது. சொள்ளமுத்து மீதிக் காய்களைத் துண்டில் முடிந்துகொண்டார். "வருசக்கணக்காகும்னு சொன்னாள்லா, அவளும் தின்னு பாக்கட்டும்" என்று சொல்லி பஸ் ஏறினார்.

பஸ் கிளம்பும் நேரத்தில் பூதத்தான் மூச்சிரைக்க ஓடிவந்து, ஜன்னல் வழியாக ஒரு பொட்டலத்தை நீட்டினான்.

"உப்பும் மிளகாத்தூளும் மாமா. தங்கபுஷ்பத்துக்கிட்ட, தொட்டுத் திங்கச் சொல்லுங்க. சும்மா தின்னா துவர்க்கும்."