ராஜாவின் நிறத்தை உடுத்திய ஏரி

வெகு காலத்துக்கு முன்னே ஆழிக்கோட்டை என்ற கடற்கரை நாட்டை இரணகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு ஆசை, மாலையில் ஒரு கோபம். அவருடைய சாயச்சாலைத் தலைவர் மல்லப்ப ராயர் குசும்பாப் பூவிலிருந்து ஓர் இளஞ்சிவப்பை எடுத்துத் தலைப்பாகைக்கு ஏற்றிக் கொடுத்தார். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. இனி அந்த நிறத்தை வேறு யாரும் உடுத்தக்கூடாது என்று பறையறைந்துவிட்டார்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. உவர்க்குடி என்ற உப்பளத்து ஊரின் உப்பு ஏரி வெயிலில் சுண்டிச் சுண்டி, அதே இளஞ்சிவப்பில் வந்து நின்றது. அந்தப் பக்கம் வேட்டைக்குப் போன ராஜா பார்த்துவிட்டார்.

உப்பளக்காரர்கள் தன் சாயத்தைத் திருடி ஏரியில் கொட்டிவிட்டதாக ராயர் கூசாமல் சொன்னார். ஓர் ஏரியையே சிவக்கவைக்க எத்தனை வண்டிப் பூ வேண்டும் என்று கேட்க அந்தச் சபையில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஏரியை மண்போட்டு மூடச் சொன்னார் ராஜா. உவர்க்குடியின் நாற்பது குடும்பமும் ஊரைக் காலிசெய்ய வேண்டும்.

உப்பு வாருகிற சிவனணைந்தாள் சபைக்கு வந்தாள். பயம் இருந்தது. பயத்தைவிட எரிச்சல் அதிகமாக இருந்தது. ஏரி சிவந்தால் இனி உப்பு விளையும் என்று குதூகலிக்கிற ஊர் அவளுடையது. அதைப் போய்த் திருட்டு என்கிறார்களே.

"மகாராஜா, அது சாயமில்ல, உசிரு. கண்ணுக்குத் தெரியாத பாசி. உப்பு ஏறி வெயில் கொளுத்தினா, நாம குடை பிடிக்கிற மாதிரி அது செவப்பைப் போத்திக்கும். அதைத் திங்கிற கூனி எறாலைத் தின்னுதான் பூநாரையும் செவக்குது."

"உப்புக்காரி எனக்கு நிறம் சொல்லித்தர வந்துவிட்டாளா?" என்றார் ராயர். சபை சிரித்தது.

சிரித்து முடிக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். பிறகு, முற்றத்தில் இரண்டு தொட்டி நிறையத் தெளிந்த உப்புத் தண்ணீர் கேட்டாள். ஒன்றில் ராயர் ஒரு செம்பு சாயம் ஊற்றட்டும், மற்றதில் அவள் ஒரு செம்பு ஏரித் தண்ணீர் ஊற்றுவாள். ஒரு மண்டலம் வெயிலில் கிடக்கட்டும், எது சாயம், எது உயிர் என்று தெரிந்துவிடும். காவலுக்கு ராயரே இருக்கட்டும் என்றதும் ராயருக்கு வாயெல்லாம் பல். வெயிலில் போட்ட துணி வெளுக்கும் என்பது துவைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். சாயச்சாலைத் தலைவருக்குத் துணி துவைத்துப் பழக்கமில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் பார்த்தால் இரண்டு தொட்டியும் இளஞ்சிவப்பு!

"பார்த்தீர்களா, இரண்டும் ஒன்றுதான்" என்றார் ராயர். சிவனணைந்தாள் இரண்டு தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். தோற்றால் நாற்பது வீட்டு அடுப்பு அணைந்துவிடும் அல்லவா? பிறகு ராயரின் விரல்களைப் பார்த்தாள். ஈரம் காயாத புதுச் சாயம். உடனே ராஜா பக்கம் திரும்பினாள்.

"இன்னும் பத்து நாள் கொடுங்க மகாராஜா. ராயரய்யா வெயில்ல கருத்துப்போய்ட்டாரு. அந்தப் பத்து நாளும் உங்க பக்கத்துலயே உக்காத்தி வைங்க, ஒரு நாழிகைகூட விடாம."

"அதெல்லாம் எதற்கு?" என்றார் ராயர், அவசரமாக.

அந்த அவசரம் ராஜாவுக்கே உறைத்தது. பத்து நாளும் சாப்பாடு, சதுரங்கம் எல்லாமே ராயரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான்.

பதினோராம் நாள் ராயரின் தொட்டி அரிசி களைந்த தண்ணீராக இருந்தது. அவள் தொட்டியோ மாதுளை முத்தாக ஜொலித்தது. தினமும் ஒரு குடம் சாயம் ஊற்றிவந்ததை ராயர் அங்கேயே ஒப்புக்கொண்டார்.

ராஜா தலைப்பாகையைக் கழற்றிப் பார்த்தார். அதுவும் வெளுத்துத்தான் இருந்தது. இத்தனை நாளாக யாரும் சொல்லவில்லை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏரி உவர்க்குடிக்கே என்று செப்பேடு எழுதிக் கொடுத்தார். நிறத்துக்குப் போட்ட தடையும் அன்றோடு போயிற்று. ராயர் மட்டும் ஒரு கோடை முழுக்க ஏரியில் உப்பு வாரவேண்டும்.

சித்திரை வெயிலில், சிவந்த தண்ணீருக்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்று உப்பை இழுத்துப் போட்ட ராயர், "இவ்வளவு சிவப்பும் எங்கேயம்மா போயிற்று?" என்று மூச்சுவாங்கக் கேட்டார்.

"மொதல்ல அந்தப் பாத்தியை முடிங்கய்யா" என்றாள் சிவனணைந்தாள். "அப்புறம் சொல்லித்தாறேன்."