செயலாளர் வீட்டு டிரம்

சமம் என்றால் எங்கள் குடியிருப்புச் செயலாளர் தணிகாசலத்துக்கு உயிர். தினமும் ரெண்டு கார் கழுவி, மொட்டைமாடித் தோட்டத்துக்கும் தண்ணீர் பாய்ச்சுகிற அவரும், தையல் மெஷினோடு ஒண்டிக்கட்டையாய் இருக்கிற ஜெயசீலியும் தண்ணீர் லாரிக்குக் கொடுக்கிற பங்கு சமம்தான்.

மாதக் கூட்டத்தில் ஜெயசீலி எழுந்தாள். "ரவிக்கை தைக்கிற காசெல்லாம் லாரிக்கே போகுது சார். வீட்டுக்கு வீடு மீட்டர் வைங்க."

"வச்சா உனக்கு எவ்வளவு மிச்சம்? மீட்டர் இல்லாமலே அளந்து காட்டு. முடியலன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது!" என்று சிரித்தார் தணிகாசலம். நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தோம்.

"சரி சார். வர்ற ஞாயிற்றுக்கிழமை மட்டும் தண்ணிய மேல்தொட்டிக்கு ஏத்த வேண்டாம். வீட்டுக்கு நாலு டிரம், சமமா ஊத்திடுவோம்."

"சமம்தானே? பேஷா!" அவரே முதலில் கைதூக்கினார்.

ஞாயிறு காலை காரும் செடியும் நன்றாகக் குளித்தன. நாலு டிரம்மும் காலியான நேரம் பார்த்துச் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். கைகழுவக்கூடத் தண்ணீர் இல்லை. குடத்தோடு ஜெயசீலி வாசலுக்கு ஓடினார் செயலாளர். அங்கே மூன்று டிரம் மூடியோடு அப்படியே இருந்தன.

"ரெண்டு குடம் குடும்மா, மானம் போகுது."

"ரெண்டு என்ன சார், மூணு டிரம்மும் எடுத்துக்குங்க." அவளே மூடியைத் திறந்துவிட்டாள். "என் மிச்சத்தை அளந்து காட்டச் சொன்னீங்களே, இதுதான். தினமும் உங்க வீட்டுக்குத்தான் போய்க்கிட்டிருந்துச்சு."