யோசித்து மறந்த பலாப்பழம்

முன்னொரு காலத்தில், வெற்றிலை போடாமல் எந்தக் காரியத்தையும் தொடங்காத ராஜா ஒருவர் இருந்தார். வழக்குக்குத் தீர்ப்புச் சொல்வதென்றாலும் சரி, பெண்ணுக்கு வரன் பார்ப்பதென்றாலும் சரி, முதலில் வெற்றிலைப் பெட்டி திறந்தாக வேண்டும். ஒருநாள் பெட்டியைத் திறந்தார். உள்ளே வெற்றிலை எல்லாம் மஞ்சள் பூத்து, ஓரம் அழுகிக் கிடந்தது.

வேறு ராஜாவாக இருந்தால் பெட்டி பறந்திருக்கும். இவருக்குக் கோபம் வருவதற்கு முன்னால் சந்தேகம் வந்துவிடும். அவர் சுபாவம் அப்படி.

“வெற்றிலை விளையும் கொடிக்கால் ஊரிலிருந்து இங்கே வர எத்தனை நாள்?” என்று கேட்டார்.

“நான்கு நாள், மன்னா” என்றான் வெற்றிலைப் பெட்டி தூக்குபவன்.

“இதைப் பறித்து எத்தனை நாள் ஆகிறது?”

“பத்து நாள், மன்னா.”

“அப்படியானால் மீதி ஆறு நாள் இது எங்கே போயிருந்தது?”

அந்த நாட்டில் உப்பு, நெல், துணி, வெற்றிலை எல்லாவற்றையும் ஊர் ஊராகக் கொண்டுபோவது ராஜாவின் வண்டிப்பேட்டை. மூவாயிரம் மாட்டு வண்டிகள். வழியெங்கும் சாவடிகள். ஒவ்வொரு சாவடியிலும் களைத்த மாட்டை அவிழ்த்துவிட்டு, புது மாட்டைப் பூட்டிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுக்கும் தலைவர் பேட்டை மணியக்காரர் வச்சிரவேலர். அவர் நடந்தால் அங்கவஸ்திரம் ஒரு பக்கம், தொந்தி ஒரு பக்கம் போகும்.

“மாட்டின் வேகம் அவ்வளவுதான், மன்னா” என்றார் வச்சிரவேலர்.

“மாடு நடக்கத்தான் நடக்கிறது. சாவடியில் லஞ்சம் நிற்க வைக்கிறது” என்று ஒரு குரல் கேட்டது.

பேசியவன் விகடகவி இடும்பன். பெயர்தான் இடும்பன். ஆள் ஒரு மூட்டை பஞ்சு தூக்கவும் ஆகமாட்டான். ஆனால் வாயை மட்டும் அடக்கத் தெரியாது. சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே பயம் வந்தது. கையில் சாட்சி ஒன்றும் இல்லை.

வச்சிரவேலர் விடுவாரா? வெற்றிலை வரும் பாதையின் ஏழு சாவடிக்காரர்களையும் ஆள் அனுப்பி வரவழைத்தார். எல்லோரும் காளி கோயிலில் நின்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். “எந்த வண்டிக்காரனும் எங்களுக்கு எதுவும் கொடுத்ததில்லை. எவன் கையிலிருந்தும் நாங்கள் எதுவும் வாங்கியதில்லை.” அந்தக் காளி முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய அந்த நாட்டில் யாருக்கும் நெஞ்சு வராது. ஏழு பேருக்கும் குரல் துளிகூட நடுங்கவில்லை.

ராஜாவின் சந்தேகம் இரண்டு மடங்கானது. “இடும்பா, கொடுத்த கையும் இல்லை, வாங்கிய கையும் இல்லை. ஆனால் நீ லஞ்சம் என்கிறாய். பதினைந்து நாள் தருகிறேன். கை இல்லாத லஞ்சத்தை என் கண்ணில் காட்டு. முடியாவிட்டால் அபாண்டம் சொன்ன குற்றத்துக்கு நீ இந்த நாட்டை விட்டே போக வேண்டும்.”

“அப்படியே ஆகட்டும், மன்னா” என்றான் இடும்பன்.

மறுநாளே தலைப்பாகையை மாற்றிக் கட்டிக்கொண்டு கொடிக்கால் ஊருக்குப் புறப்பட்டான். அங்கே மாசாணம் என்ற வண்டிக்காரரின் வெற்றிலை வண்டியில், கூலியாள் போல ஏறிக்கொண்டான். முதல் சாவடிக்குக் காலையிலேயே வந்துவிட்டார்கள். புது மாடு வரவில்லை. உச்சி வெயில் வந்தது, மாடு வரவில்லை. பின்னால் வந்த நாலு வண்டிகள் மாடு மாற்றிக்கொண்டு முன்னால் போயின.

“என்ன அண்ணாச்சி, நமக்குப் பொறவு வந்தவன்லாம் போறான்?”

“மாட்டுக்குத் தண்ணி காட்டலையாம்” என்றார் மாசாணம், வெற்றிலைக் கட்டின்மேல் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டே.

சாவடிக்கு எதிரே ஒரு சுமைதாங்கிக் கல். தலைச்சுமைக்காரர்கள் பாரத்தை இறக்கி வைத்து மூச்சுவிட ராஜாவின் பாட்டனார் காலத்தில் நட்டது. பொழுது போகாமல் இடும்பன் அதில் வெட்டியிருந்த எழுத்தை வாசித்தான். ‘ராஜபாட்டையில் உடையவன் மறந்த பொருளைக் கண்டெடுத்தவன் பொழுது சாயுமுன் கோயிலில் ஒப்படைக்க. ஒளித்து வைப்பவன் கள்வன்.’ நல்ல சட்டம்தான், யார் படிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது இன்னொரு வண்டி வந்தது. வண்டிக்காரர் இறங்கினார். பெரிய பலாப்பழம் ஒன்றைத் தூக்கிச் சுமைதாங்கியில் வைத்தார். தலையைச் சொறிந்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு பழத்தை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார். அவர் வண்டிக்கு உடனே புது மாடு வந்தது.

இடும்பனுக்கு மனசு கேட்கவில்லை. பழத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். “அண்ணாச்சி, பழத்த மறந்துட்டுப் போறீரே.”

அந்த மனிதர் முகம் வெளுத்துப் போனது. “சத்தம் போடாதயும்வே. எடுத்த எடத்துலயே கொண்டு வையும். நான் நல்லா யோசிச்சுல்லா மறந்துருக்கேன்.”

இடும்பன் பழத்தைத் திரும்ப வைத்துவிட்டு மாசாணத்தைப் பார்த்தான்.

“இங்க வழக்கமே அதுதான், தம்பி” என்றார் மாசாணம். “யாரும் குடுக்கப்படாது, யாரும் வாங்கப்படாது. நாம மறக்கணும், அவுக எடுத்து வச்சுக்கிடுவாக. மறக்க ஒண்ணும் இல்லாதவன் மாட்டுக்குத் தண்ணியே காட்ட மாட்டாக. போன நடைக்கு என் பொண்டாட்டி கலியாணத்துக்குக் கொண்டாந்த செம்ப மூணாஞ் சாவடியில மறந்தேன். அவகிட்ட இன்னும் சொல்லல. இந்த நடைக்கு மறக்க என்ன இருக்கு? வெத்தல அழுகுனா எனக்குக் கூலியும் கெடையாது.”

சிரிக்கத் தொடங்கிய இடும்பனுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. செம்பு என்றபோது மாசாணம் கண்ணைத் திருப்பிக்கொண்டதை அவன் பார்த்துவிட்டான். சுமைதாங்கி எழுத்தை எழுந்துபோய் இன்னொரு தரம் வாசித்தான்.

பதினான்காம் நாள் சபைக்கு வந்தவன், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். “மன்னா, சாவடிக்காரர்கள் சத்தியம் முழுக்க உண்மை. கொடுத்தவனும் இல்லை, வாங்கியவனும் இல்லை.”

வச்சிரவேலர் மீசையைத் தடவிக்கொண்டார். “ஒப்புக்கொண்டாயே, அதுவரை சந்தோஷம். எல்லைவரை போக வண்டி நானே தருகிறேன்.”

“வண்டி வேண்டாம் ஐயா, நடந்தால் சீக்கிரம் போய்விடலாம். மன்னா, போவதற்கு முன்னால் ஒரு விண்ணப்பம். பாவம், நம் வண்டிக்காரர்களுக்கு மறதி நோய் கண்டிருக்கிறது. சாவடிதோறும் பொருளை மறந்து வைத்துவிட்டு வருகிறார்கள். மறந்த பொருளை வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று ஒரு தண்டோரா போட உத்தரவாக வேண்டும்.”

ராஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததாலேயே சம்மதித்தார். வச்சிரவேலரும் தடுக்கவில்லை. பைத்தியக்காரன் வைத்தியம் பார்க்கிறான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள், தலைநகரில் வண்டி நிறுத்தியிருந்த முந்நூறு வண்டிக்காரர்கள் அரண்மனை முற்றத்தில் கூடிவிட்டார்கள். கெடு முடியும் நாள் என்பதால் ஏழு சாவடிக்காரர்களும் வந்திருந்தார்கள். லஞ்சம் கொடுத்தவன் வா என்றால் எவன் வருவான்? மறந்தவன் வா என்றதால் வந்தார்கள். மறதி குற்றமில்லையே. நெய்ப்பானை, வெண்கல விளக்கு, பட்டு வேட்டி, சினை ஆடு என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல ராஜாவின் புருவம் ஏறிக்கொண்டே போனது. ஆட்டை எப்படி மறப்பான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மாசாணமும் செம்பைச் சொன்னார்.

இடும்பன் மூன்றாம் சாவடிக்காரர் பக்கம் திரும்பினான். “ஐயா, மாசாணம் அந்தச் செம்பை உங்களுக்குக் கொடுத்தாரா?”

“இல்லவே இல்லை. காளி அறிய, யாரும் கொடுக்கவில்லை.”

“அப்படியானால் மறந்துதான் வைத்திருக்கிறார்.”

“ஆமாம், மறந்துதான் வைத்திருக்கிறார்.”

“செம்பு இப்போது எங்கே?”

“வீட்டில்... பத்திரமாக...”

“மன்னா, தங்கள் பாட்டனார் சுமைதாங்கியில் வெட்டிவைத்த சட்டம் இது” என்று அந்த இரண்டு வரியையும் இடும்பன் நிறுத்தி நிதானமாகச் சொன்னான். “மறந்த பொருள் என்றால், கோயிலில் ஒப்படைக்காமல் ஒளித்த இவர் கள்வன். இல்லை, வண்டிக்காரர் கொடுத்ததுதான் என்றால், சத்தியம் பொய். எது என்று இவரே சொல்லட்டும். எனக்கு இரண்டும் சம்மதம்.”

சாவடிக்காரர் காளி கோயில் பக்கம் ஒருமுறை பார்த்தார், காவலர் பக்கம் ஒருமுறை பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். “எங்களை மட்டும் கேட்கிறீர்களே, மன்னா. மாதம் பிறந்தால் நாங்களும் மணியக்காரர் வீட்டு வாசலில் மறந்துவிட்டுத்தான் வருகிறோம். மறக்காதவனுக்குச் சாவடி வேலை நிலைக்காது.”

வச்சிரவேலரின் அங்கவஸ்திரம் நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கவும் அவர் குனியவில்லை.

ராஜா முதலில் சிரிக்கவில்லை. ஏழு சாவடிக்காரர் வீட்டுக்கும் மணியக்காரர் வீட்டுக்கும் வண்டி அனுப்பினார். பொருளெல்லாம் வந்து சேர்ந்தது. அந்த வண்டிகளுக்கு மட்டும் எல்லாச் சாவடியிலும் மாடு தயாராக நின்றதாம். முந்நூறு பேரும் மறுபடி முற்றத்துக்கு வந்து அவரவர் பொருளை எடுத்துக்கொண்டார்கள். வச்சிரவேலர் ஏழாம் சாவடியில் மாட்டுக்குத் தண்ணி காட்டும் வேலைக்குப் போனார்.

“இனி இந்த நோய் வராமலிருக்க என்ன மருந்து?” என்று ராஜா கேட்டார்.

“வந்த வரிசைக்கு மாடு, மன்னா. அதோடு, சுமைதாங்கியில் ஒருவர் மறந்ததை அடுத்து வரும் வண்டிக்காரர் எடுத்துப்போகலாம் என்று கல்லில் இன்னும் ஒரு வரி வெட்டச் சொல்லுங்கள். பிறகு பாருங்கள், எல்லோருக்கும் ஞாபகசக்தி வந்துவிடும்.”

ராஜா தலையாட்டிவிட்டு எழுந்தார். மடியிலிருந்த பொற்கிழியை எடுத்து ஆசனத்தில் வைத்தார். தலையைச் சொறிந்தார். மேல்விதானத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல நடக்கத் தொடங்கினார்.

இடும்பன் கிழியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். “மன்னா, மறந்துவிட்டுப் போகிறீர்கள். எனக்குத் தருவதானால் எல்லோரும் பார்க்கக் கையில் தாருங்கள். இல்லாவிட்டால் பொழுது சாயுமுன் நான் கோயிலுக்கு ஓட வேண்டியிருக்கும்.”

அப்போதுதான் ராஜா சிரித்தார். தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு முந்நூறு பேர் பார்க்க, இரண்டு கையாலும் கிழியை எடுத்து இடும்பன் கையில் வைத்தார்.

அடுத்த வெற்றிலை நாலாம் நாள் வந்தது, இளம்பச்சை மாறாமல். கொண்டுவந்தவர் மாசாணம். இப்போது வண்டியில் அவர் தண்ணீர் குடிக்க அந்தச் செம்புதான் இருக்கிறது. மனைவியே கொடுத்தனுப்பினாளாம், பத்திரம் என்றுகூடச் சொல்லாமல்.